கால்கள் தாமாகத் துள்ளுகின்றன: அது மூளையின் கட்டளையா?

புளியரை வாசகி:

இக்குழுவில் ஆசிரியர்களும் மருத்துவத் துறையில் பணிபுரிவோரும் இருப்பதால் இக்கேள்வியை இங்கே வைக்கிறேன். என் தாய்மாமா ஆரியங்காவுக்கு அப்பால் உள்ள தோட்டங்களில் தென்னை ஏறும் வேலை செய்தவர். மழை ஓய்ந்திருந்த ஒரு காலையில் மரத்திலிருந்து வழுக்கி, முதுகு தரையில் மோத விழுந்துவிட்டார். மார்புப் பகுதியின் எட்டாவது முள்ளெலும்பு நொறுங்கித் தண்டுவடத்தை அழுத்திவிட்டது என்று சொல்லி, கம்பியும் திருகாணியும் பொருத்தி அறுவை சிகிச்சை செய்தார்கள். தொப்புளுக்குக் கீழே தொட்டாலும் கிள்ளினாலும் அவருக்குத் தெரிவதில்லை.

தொடக்கத்தில் இரண்டு கால்களும் முற்றிலும் துவண்டு கிடந்தன. சில வாரங்கள் கழிந்த பின்னர், போர்வையை இழுக்கும்போதும் உடம்பு துடைக்கும்போதும் கால்கள் திடீரென மடங்கித் துள்ளத் தொடங்கியுள்ளன. அத்தை அதைக் கண்டு, கால் திரும்பிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். ஆனால் மருத்துவரோ, அந்த அசைவு மூளையிலிருந்து வருவதன்று என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். மூளை சொல்லாமல் கால் எப்படி அசையும்? எலும்பு உடைந்த இடம் தொப்புளுக்கு வெகு மேலே இருக்கும்போது உணர்வு மட்டும் தொப்புள் வரைக்கும் எப்படி மிஞ்சியிருக்கிறது? வீட்டில் அனைவரிடமும் விளக்கிச் சொல்லும் அளவுக்கு எனக்கு இது புரிய வேண்டும்.

மார்த்தாண்டம் உயிரியல் ஆசிரியர்:

சகோதரி, உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் விடை தண்டுவடத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எலும்பையும் தண்டுவடத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே ஒன்றோடொன்று இணைந்துவிட்ட திருவெலும்பில் 5, வாலெலும்பில் 4 என முள்ளெலும்புகள் மொத்தம் 33. இவற்றின் நடுவே செல்லும் குழாய்க்குள், மூன்று உறைகள் சூழ, மூளைத்தண்டுவடத் திரவத்தில் மிதந்தபடி இறங்குவதுதான் தண்டுவடம். வளர்ந்தவருக்கு அதன் நீளம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர். பருமன் நம் சுண்டுவிரல் அளவே இருக்கும். அதிலிருந்து 31 இணை நரம்புகள் புறப்படுகின்றன. குழந்தை வளரும்போது எலும்புத்தொடர் தண்டுவடத்தைவிட வேகமாக நீள்வதால், வளர்ந்தவரின் தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாவது முள்ளெலும்பின் அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்பு வேர்கள் மட்டும் கற்றையாகத் தொங்குகின்றன.

இதனால் எலும்பின் எண்ணும் அதற்கு நேரே உள்ள தண்டுவடப் பகுதியின் எண்ணும் ஒன்றாக இருப்பதில்லை. மார்பின் எட்டாவது எலும்புக்கு நேர் உள்ளே இருப்பது ஏறத்தாழப் பத்தாவது, பதினோராவது மார்புப் பகுதித் தண்டுவடம். பத்தாவது மார்பு நரம்பு தொப்புளைச் சுற்றியுள்ள தோலுக்கு உணர்வு தருவது. ஆகவே உங்கள் மாமாவுக்குத் தொப்புள் வரை உணர்வு இருப்பதில் முரண்பாடு ஏதும் இல்லை.

இனி, கால் அசைவுக்கு வருவோம். பெருமூளைப் புறணியில், நெற்றிக்கதுப்பின் பின்விளிம்பில், உடலின் அசைவுகளை ஆளும் ஒரு பட்டை இருக்கிறது. கைக்கும் முகத்துக்கும் அதில் பேரிடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. காலுக்கான இடம், இரு அரைக்கோளங்களும் ஒன்றையொன்று பார்க்கும் உட்பக்கச் சுவரில் உள்ளது. அங்குள்ள நரம்பணு ஒன்றின் இழை மூளைத்தண்டு வழியாக இறங்கி, அதன் அடிப்பகுதியான முகுளத்தில் எதிர்ப்பக்கத்துக்குக் கடந்து, தண்டுவடத்தின் கீழ்ப்பகுதிவரை இடைவெளியின்றி வருகிறது. ஒரே உயிரணுவின் இழை அரை மீட்டருக்கும் மேல் நீண்டிருக்கிறது என்பதை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்லும்போது எனக்கே வியப்பு குறைவதில்லை. இது மேல் இயக்க நரம்பணு. இது தசையைத் தொடுவதில்லை. தண்டுவடத்தின் சாம்பல் நிறப் பகுதியின் முன்கொம்பில் இருக்கும் கீழ் இயக்க நரம்பணுவிடம் செய்தியை ஒப்படைக்கிறது. அந்த இரண்டாவது நரம்பணுதான் தசைவரை செல்கிறது.

தண்டுவடம் செய்தி கடத்துவதோடு நின்றுவிடுவதில்லை. தோலிலிருந்தும் தசையிலிருந்தும் வரும் உணர்வு பின்வேர் வழியாக உள்ளே நுழைந்தவுடன், சில இழைகள் மூளைக்கு மேலே செல்ல, வேறு சில அதே மட்டத்திலேயே இயக்க நரம்பணுக்களோடு தொடர்புகொள்கின்றன. முள்ளை மிதித்தவுடன் காலை இழுத்துக்கொள்கிறோமே, அந்த முடிவு தண்டுவடத்திலேயே எடுக்கப்படுகிறது. வலி மூளைக்குத் தெரிவதற்குள் கால் உயர்ந்துவிடுகிறது. இதுவே அனிச்சைச் செயல். உங்கள் மாமாவின் காயத்துக்குக் கீழே, கால்களை ஆளும் இடுப்புப் பகுதித் தண்டுவடம் உயிரோடுதான் இருக்கிறது. அதற்கு மூளையோடு உள்ள தொடர்புதான் அறுந்திருக்கிறது.

நம் செங்கோட்டை–புனலூர் ரயில்பாதை அகலப்பாதைப் பணிக்காக மூடப்பட்டிருந்த ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். மலைக்கு இந்தப் பக்கம் தென்காசிக்கும், அந்தப் பக்கம் கொல்லத்துக்கும் வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. மலையைத் தாண்டி மட்டும் எதுவும் போகவில்லை. காயத்துக்குக் கீழுள்ள தண்டுவடத்தின் நிலையும் அதுவே.

முதல் வாரங்களில் கால்கள் துவண்டு கிடந்ததற்குத் தண்டுவட அதிர்ச்சி என்று பெயர். மூளையிலிருந்து இடையறாது வந்துகொண்டிருந்த தூண்டல்கள் திடீரென நின்றுபோனதால், கீழுள்ள பகுதி சில நாள் முதல் சில வாரம் வரை செயலற்றுப் போகிறது. பின்னர் அது விழிக்கிறது. ஆனால் அனிச்சைச் செயல்களை வழக்கமாக அடக்கி வைத்திருந்த மூளையின் கட்டுப்பாடு இப்போது இல்லாததால், போர்வை உரசினாலும் கால் முழுவதும் துள்ளுகிறது. அத்தை கண்டது பொய்யன்று. அது தண்டுவடம் தனித்து இயங்குவதன் அடையாளம்.

தொடுவெட்டி ஆசான் மாணவன்:

ஆசிரியர் எழுதியதை ஏற்றுக்கொள்கிறேன். எனினும் எங்கள் விளவங்கோடு பகுதியில் தலைமுறை தலைமுறையாக வர்ம ஆசான்கள் அடிபட்டவர்களுக்குத் தடவலும் கிழியும் (மருந்து கட்டிய சூடான துணி மூட்டையால் ஒற்றடம்) செய்து வருகிறார்கள். கால் துள்ளத் தொடங்கியிருக்கும் இந்த நேரத்தில் எண்ணெயிட்டு நன்றாக உழிந்து, சூடான கிழி வைத்தால் நரம்பு தூண்டப்படும் என்பதே நான் கற்றது. மருத்துவமனையோடு இதையும் சேர்த்துச் செய்வதில் என்ன தடை இருக்க முடியும்?

தென்காசி இயன்முறை மருத்துவர்:

தம்பி, உங்கள் ஆசான்மீது எனக்கு மரியாதை உண்டு. தசைப்பிடிப்புக்கும் சுளுக்குக்கும் அவர்களிடம் சென்று நலம் பெற்றவர்கள் எங்கள் குடும்பத்திலும் இருக்கிறார்கள். ஆனால் உணர்வில்லாத கால் வேறு. கிழியின் சூடு அளவுக்கு மீறினால் உங்களுக்கும் எனக்கும் உடனே சுடும். நாம் கையை விலக்கச் சொல்வோம். வலியையும் வெப்பத்தையும் எடுத்துச் செல்லும் இழைகள் அறுந்த ஒருவருக்கு அந்த எச்சரிக்கை மூளைக்கு எட்டுவதில்லை. தோல் வெந்து கொப்புளித்த பிறகுதான் வீட்டார் காண்பார்கள். அப்படி வெந்த கால்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். அந்தப் புண்கள் ஆறவும் வெகுநாள் ஆகின்றன.

அழுத்தி உழிவதிலும் ஆபத்து உண்டு. அசையாத காலின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறையக்கூடும். குறிப்பாக முதல் மூன்று மாதங்களில் இதற்கான வாய்ப்பு மிகுதி. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருக்கும்போது அதை உழிந்தால், உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலைச் சென்று அடைக்கலாம். முதுகில் கம்பி பொருத்தியவருக்கு அந்த இடத்தில் யாரும் அழுத்தம் கொடுக்கக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். மென்மையாக எண்ணெய் தடவுவதில் தீங்கில்லை. மூட்டுகள் இறுகிவிடாதபடி நாள்தோறும் இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகியவற்றை மெதுவாக மடக்கி நீட்டும் பயிற்சியே அவருக்கு இப்போது தேவை. தம்பி, அந்தப் பயிற்சியைச் செய்ய உங்களைப் போன்று கைப்பழக்கம் உள்ளவர்கள் முன்வந்தால் மிக நல்லது.

கால் துள்ளலைப் பற்றி வீட்டார் அறிய வேண்டியது இன்னொன்று. துள்ளல் முழுக்கத் தீமையன்று. அது தசையின் பருமனை ஓரளவு காக்கிறது, காலில் இரத்த ஓட்டத்துக்கும் உதவுகிறது. உறக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு வந்தால் தசை இறுக்கத்தைத் தளர்த்தும் பேக்லோஃபென் போன்ற மருந்தை மருத்துவர் தருவார். அதைத் திடீரென நிறுத்தக் கூடாது. வழக்கத்தைவிடத் துள்ளல் ஒரு நாள் திடீரென மிகுந்தால், உடலில் எங்கோ தொந்தரவு இருக்கிறது என்று பொருள். சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கலாம், சிறுநீரில் தொற்று இருக்கலாம், மலச்சிக்கல் இருக்கலாம், கால் நகம் சதைக்குள் வளர்ந்திருக்கலாம், பின்புறத்தில் படுக்கைப்புண் தொடங்கியிருக்கலாம். மாமாவால் உணர முடியாத வலியைக் கால்கள் இப்படித் தெரிவிக்கின்றன.

பாலோடு வாசகர்:

இடையில் ஓர் ஐயம். என் தாயாருக்குப் பக்கவாதம் வந்தபோது வலக்கையும் வலக்காலும் மட்டும் விழுந்தன, பேச்சும் போயிற்று. இவருக்கு இரண்டு கால்களும் விழுந்துள்ளன. பேச்சும் நினைவும் தெளிவாக இருக்கின்றன. இரண்டுமே நரம்பு பாதிப்புதானே, ஏன் இந்த வேறுபாடு?

மார்த்தாண்டம் உயிரியல் ஆசிரியர்:

இடம் வேறுபடுவதுதான் காரணம். இயக்க இழைகளில் பெரும்பகுதி முகுளத்தில் பக்கம் மாறுவதால், இடப்பக்க மூளையில் இரத்தக்குழாய் அடைத்தால் வலப்பக்க உடல் விழுகிறது. பெரும்பாலோருக்குப் பேச்சை ஆளும் பகுதிகள் இடப்பக்க மூளையிலேயே இருக்கின்றன. சொல்லை உருவாக்கும் இடத்தை 1861-இல் பிரான்சின் பால் புரோக்காவும், கேட்டுப் பொருள் கொள்ளும் இடத்தை 1874-இல் ஜெர்மனியின் கார்ல் வெர்னிக்கேயும் அடையாளம் காட்டினார்கள். உங்கள் தாயாருக்கு வலக்கையோடு பேச்சும் போனது அதனால்தான்.

தண்டுவடத்திலோ இரு பக்கத்து இழைகளும் ஒரு விரல் பருமனுக்குள் நெருங்கிக் கிடக்கின்றன. குறுக்கே நசுங்கினால் இருபுறமும் சேர்ந்தே போகும். தண்டுவடத்தின் ஒரு பாதி மட்டும் வெட்டுப்பட்டால் நடப்பது இன்னும் நுட்பமானது: அடிபட்ட அதே பக்கத்துக் கால் செயலிழக்கும், ஆனால் வலியும் வெப்பமும் எதிர்ப்பக்கத்துக் காலில் தெரியாமல் போகும். இயக்க இழைகள் மேலே முகுளத்திலேயே பக்கம் மாறி வந்திருக்க, வலி இழைகள் தண்டுவடத்தில் நுழைந்த சிறிது தொலைவிலேயே பக்கம் மாறிவிடுவதே இதற்குக் காரணம். மொரீஷியஸில் பிறந்த பிரவுன்-செகார் என்னும் மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இதை விளக்கினார். அவர் பெயராலேயே இந்நிலை இன்றும் அழைக்கப்படுகிறது.

புனலூர் செவிலியர்:

நான் தமிழ்நாட்டில் பிறந்து இங்கே அவசரப் பிரிவில் பணிபுரிகிறேன். ரப்பர்த் தோட்டங்களிலும் தென்னந்தோப்புகளிலும் விழுந்தவர்களை எங்களிடம் கொண்டுவரும் முறையைப் பற்றி எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. ஒருவர் கையையும் மற்றொருவர் காலையும் பிடித்துத் தூக்கி, ஜீப்பின் பின்னிருக்கையில் மடக்கி உட்கார வைத்துக் கொண்டுவருகிறார்கள். உடைந்த எலும்பின் கூர்முனைக்கு அருகிலேயே தண்டுவடம் இருக்கிறது. பாதி நசுங்கிய நிலையில் மிஞ்சியிருந்த இழைகள் அந்த மடக்கலில் முழுவதும் அறுந்துபோகக்கூடும்.

உயரத்திலிருந்து விழுந்தவருக்குக் கழுத்திலோ முதுகிலோ வலி இருந்தாலும், கைகால் மரத்திருந்தாலும், நினைவு தவறியிருந்தாலும், தண்டுவடம் அடிபட்டிருக்கிறது என்றே எண்ணிச் செயல்படுங்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 108 என்ற எண்ணையே அழைக்கலாம். வண்டி வரும்வரை அவரை அசைக்காமல், ஒருவர் தலையின் இருபுறமும் கைவைத்துக் கழுத்து திரும்பாதபடி பிடித்திருக்க வேண்டும். நெருப்பு, வெள்ளம், சரியும் மண் போன்ற ஆபத்து இருந்து நகர்த்தியே ஆக வேண்டுமானால், தலையைப் பிடித்திருப்பவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் தோள், இடுப்பு, கால் மூன்றையும் ஒரே நேரத்தில் ஒரே கோட்டில் புரட்டி, ஒரு பலகையையோ கழற்றிய கதவையோ அடியில் செருகிப் படுக்க வைக்க வேண்டும். தண்ணீர் புகட்ட வேண்டாம். எழுந்து உட்கார முடிகிறதா என்று சோதித்துப் பார்க்கவே வேண்டாம்.

கழுத்தில் அடிபட்டவரின் மூச்சைத் தொடர்ந்து கவனியுங்கள். மூச்சிழுக்க உதவும் முதன்மைத் தசையான உதரவிதானத்தை இயக்கும் நரம்பு கழுத்துப் பகுதியின் மூன்று, நான்கு, ஐந்தாம் வேர்களிலிருந்து வருகிறது. அதற்கு மேலே தண்டுவடம் அறுந்தால் மூச்சே நின்றுவிடும். அதற்குச் சற்றுக் கீழே என்றால் வயிறு மட்டும் உயர்ந்து தாழும், மார்பு விரியாது.

செங்கோட்டைச் சக்கர நாற்காலி:

கழுத்தின் ஆறாவது பகுதியில் தண்டுவடம் அடிபட்டவன் நான். முழங்கையை மடக்க முடியும், மணிக்கட்டைத் தூக்க முடியும், விரல்கள் இயங்கா. இதைக் குரல் உள்ளீட்டின் துணையோடு எழுதுகிறேன்.

சகோதரி, உங்கள் மாமாவுக்குக் கைகள் முழுமையாக இருக்கின்றன. அது எவ்வளவு பெரியது என்பது என்னைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். கைகளாலேயே படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறலாம், தானே உண்ணலாம், கையால் இயக்கும் வண்டி ஓட்டலாம், வேலைக்கும் போகலாம். உங்கள் ஊருக்கு அருகிலேயே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. கடற்படை அதிகாரித் தேர்வின்போது 1975-இல் விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் அவர்கள் 1981-இல் தொடங்கியது அது. 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் சாலை விபத்தில் இரு கால்களும் செயலிழந்த நிலைக்கு வந்தவர். கேரளத்தில் பிறந்த அந்த அம்மையார், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அவர் உழைப்பில் உருவான மறுவாழ்வு நிலையம் 1966-இல் அங்கே திறக்கப்பட்டது. மாமாவைப் படுக்கையிலேயே வைத்துக் காலுக்காகக் காத்திருக்க வேண்டாம். இப்போதே மறுவாழ்வுப் பயிற்சிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மார்பின் ஆறாவது பகுதியிலோ அதற்கு மேலேயோ தண்டுவடம் அடிபட்டவர்கள் வீட்டில் இருந்தால், அவர்களுக்காக ஒரு செய்தி. சிறுநீர்க்குழாய் மடங்கிப் பை நிரம்பினால் எங்களுக்கு வயிறு வலிக்காது. அதற்குப் பதிலாகத் தலை பிளப்பதுபோல் வலிக்கும், முகம் சிவந்து வியர்க்கும், இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு ஏறும். காயத்துக்குக் கீழுள்ள தண்டுவடம் இரத்தக்குழாய்களைச் சுருக்கிக்கொண்டே போக, அதை நிறுத்தச் சொல்லும் மூளையின் செய்தி காயத்தைத் தாண்ட முடியாததால் இப்படி ஆகிறது. உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள், சிறுநீர்க்குழாயைச் சரிபாருங்கள். அப்போதும் குறையவில்லை என்றால் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

புளியரை வாசகி:

அனைவருக்கும் நன்றி. இதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அழுதார்கள், ஆனால் புரிந்துகொண்டார்கள். இரண்டு கேள்விகள் மிச்சம் இருக்கின்றன. மருத்துவர் சாவி போன்ற ஒன்றால் உள்ளங்காலைக் கீறிவிட்டுத் தலையசைத்தாரே, அது எதற்காக? வெளியூரில் ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடக்கலாம் என்று ஒரு தரகர் சொல்ல, மாமாவின் தம்பி வயலை விற்கவும் முன்வந்திருக்கிறார். அதில் உண்மை இருக்கிறதா?

மார்த்தாண்டம் உயிரியல் ஆசிரியர்:

உள்ளங்காலைக் கீறினால் வளர்ந்தவர்களுக்குக் கால் பெருவிரல் கீழ்நோக்கி மடங்க வேண்டும். மூளையிலிருந்து வரும் இயக்கப் பாதை அறுந்திருந்தால் அது மேல்நோக்கி நிமிர்ந்து, மற்ற விரல்கள் விசிறியாக விரியும். 1896-இல் ஜோசப் பாபின்ஸ்கி இதை எடுத்துரைத்தார். கைக்குழந்தைகளுக்கும் விரல் மேல்நோக்கியே நிமிரும். அவர்களுடைய இழைகளுக்கு மயலின் உறை (நரம்பிழையைச் சுற்றியுள்ள கொழுப்பு உறை) இன்னும் முழுமையாக உருவாகியிருக்காது.

ஊசியைப் பொறுத்தவரை, நரம்பு எங்கே வளரும், எங்கே வளராது என்பதை மாமாவின் தம்பிக்குச் சொல்லுங்கள். கையிலோ காலிலோ உள்ள நரம்பு அறுந்தால், நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் மீண்டும் வளரக்கூடும். மூளைக்குள்ளும் தண்டுவடத்துக்குள்ளும் அப்படி வளர்வதில்லை. அங்குள்ள மயலின் உறையிலேயே வளர்ச்சியைத் தடுக்கும் மூலக்கூறுகள் இருக்கின்றன. காயத்தைச் சுற்றி உருவாகும் தழும்பும் வழியை அடைக்கிறது. உலகெங்கும் இதற்காக ஆய்வுகள் நடக்கின்றன. ஆனால் முழுமையாக அறுந்த தண்டுவடத்தைக் குணப்படுத்துவதாக மெய்ப்பிக்கப்பட்ட ஸ்டெம் செல் சிகிச்சை இன்று எங்கும் இல்லை. உண்மையான ஆய்வில் பங்கேற்கும் நோயாளியிடம் அதற்காகப் பணம் கேட்கமாட்டார்கள். வயலை விற்க வேண்டாம். அந்த வருமானம் மாமாவின் பராமரிப்புக்கே வேண்டியிருக்கும்.

தென்காசி இயன்முறை மருத்துவர்:

அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது, மலவாயைச் சுற்றியுள்ள தோலில் தொடுவுணர்வு சோதிக்கப்பட்டதா, அங்குள்ள தசையை அவரால் விரும்பி இறுக்க முடிகிறதா என்று கேளுங்கள். தண்டுவடத்தின் கடைசிப் பகுதிகள் வரை செய்தி எட்டுகிறதா என்பதை இந்தச் சோதனையே காட்டும். அங்கே சிறிதளவு உணர்வு எஞ்சியிருந்தாலும் காயம் முழுமையானதன்று. மீள்வதற்கான வாய்ப்பு அப்போது கூடுதலாக இருக்கும். வீட்டில் நீங்களே பார்க்கக்கூடியதும் ஒன்று உண்டு. யாரும் தொடாமல், மாமா கண்களை மூடியிருக்க, வலப் பெருவிரலை அசைக்கச் சொல்லுங்கள். சிறிது இடைவெளிவிட்டு மீண்டும் சொல்லுங்கள். சொல்லும்போதெல்லாம் அந்த விரல் மட்டும் அசைந்தால் அது மூளையின் கட்டளை. உடனே எங்களுக்குத் தெரிவியுங்கள். தொடும்போதோ குளிரும்போதோ மட்டும் கால் முழுவதும் துள்ளினால் அது அனிச்சைச் செயல்.

படுத்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். இரவிலும் இதைத் தவற விடாதீர்கள். குதிகால், இடுப்பெலும்பு, வாலெலும்பு ஆகிய இடங்களில் அழுத்தினாலும் மறையாத சிவப்போ, கருநிறத் தோலில் கருமையோ கண்டால், அந்தப் பக்கத்தில் எடை விழாதபடி பார்த்துக்கொண்டு, மறுநாளே காட்டுங்கள்.